எண்ணூர் வானத்தில் ஒரு தெளிவான படம்

கொழும்பில் காலண்டர் அச்சிடும் முதலாளி ஒருவருக்குப் பூநாரைகள் வேண்டியிருந்தன. அதுவும் பறக்கும் பூநாரைகள். "நிக்கிற பறவையைச் சனம் திரும்பியும் பாக்காது. பறக்கிறதை எடுத்துக்கொண்டு வாரும்" என்று சொல்லி என்னை மதராஸுக்கு அனுப்பினார். குதிரைப் பந்தயத் திடலில் தூரத்துப் படங்கள் எடுத்துப் பிழைத்துவந்தவன் நான். யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது எடுத்த லென்ஸ் ஒன்று என்னிடம் இருந்தது. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். கைக்குழந்தையின் கனம். அதை நம்பித்தான் போனேன். பூநாரைகளையும் எடுத்தேன், காலண்டரும் வெளிவந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. போன இடத்தில் வேறொன்றையும் படம் எடுத்தேன். அதைப் பற்றித்தான் இது.

ராயபுரத்தில் இப்ராகிம் வீட்டில் தங்கினேன். கொழும்புக்குக் கருவாடு அனுப்பும் வியாபாரி. என்னைவிட இரண்டு மடங்கு பருமன், நான்கு மடங்கு சத்தம். முதல் நாள் காலையில் ஆப்பமும் பாயாவும் வைத்தார்கள். எங்கள் ஊர் ஆப்பம் ஓரம் மொறுமொறுவென்று இருக்கும். இது கைக்குட்டைபோல் மெத்தென்று மடங்கியது. பாயாவில் தோய்த்தபோது வித்தியாசம் மறந்துபோயிற்று. வெளியே வந்தால் வாசனை வேறு. துறைமுகத்தில் கரி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொடியில் உலர்த்திய என் வெள்ளைச் சட்டை மத்தியானத்துக்குள் மிளகு தூவிய மாதிரி ஆகிவிட்டது.

"இன்னா தோஸ்து, வெள்ளச் சட்டையா எட்த்துகினு வந்துகீற?" என்று இப்ராகிம் சிரித்தார். "இங்க ஒரு நாளு தாங்காது. காத்தே கலீஜ்."

எதிர்வீட்டுக்காரர் ஒருவர் என் பேச்சைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "பாய், மலையாளத்து ஆளா?" என்று கேட்டார். "சிலோன் தமிழு நைனா" என்றார் இப்ராகிம், ஏதோ எனக்கு ஒரு குறை இருப்பதைச் சமாதானமாகச் சொல்வதுபோல.

கரிப்புகையைப் பார்த்தபோதே எனக்கு ஒரு கவலை வந்தது. தூரத்தில் பறக்கிற பொருளைப் படம் எடுக்கிறவனுக்கும் அந்தப் பொருளுக்கும் இடையில் இருப்பது காற்று ஒன்றுதான். கண்ணுக்கு அது ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். நீண்ட லென்ஸை வைத்துப் பார்த்தால் அதற்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று தெரியும்: புகை, ஈரம், உப்பு, சூடு. லென்ஸ் பறவையைப் பக்கத்தில் கொண்டுவரும்போது இத்தனையையும் சேர்த்தே கொண்டுவருகிறது.

மறுநாள் பாசஞ்சர் ரயிலில் எண்ணூருக்குப் போனோம். கொழும்பிலிருந்து கடலோரமாகத் தெற்கே போகும் ரயிலில் ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் அலை. இங்கே ஒரு பக்கம் புகைபோக்கி, ஒரு பக்கம் உப்பளம். ரயிலிலிருந்து இறங்கி ஜட்காவில் ஏறினோம். குப்பத்துக்குப் போகும் பாதையில் மணல் அதிகம். சக்கரம் ஒன்று புதைந்து வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இப்ராகிம் என்மேல் விழுந்தார். நான் லென்ஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு மணலில் உருண்டேன். முழங்கால் சிராய்த்து இரத்தம் வந்தது. வண்டிக்காரர் குதிரையைத் தட்டிக்கொடுத்துவிட்டு நிதானமாக என்னிடம் வந்தார்.

"பொட்டியில இன்னா சார், புள்ளையா வெச்சிகீற?"

கழிமுகத்தில் பூநாரைகள் இருந்தன. அவை எனக்கு இரண்டு நாள் வேலைதான். மூன்றாவது தடவை போனபோதுதான் கன்னியம்மாவைப் பார்த்தேன். இப்ராகிமுக்குக் கருவாடு கொடுப்பவள். முப்பது வயது இருக்கும். மணலில் வலையை விரித்து நெத்திலியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் காமிராவை முக்காலியில் நிறுத்தி லென்ஸைப் பொருத்துவதையே வெகு நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து வந்தாள்.

"இத்த வெச்சிப் பார்த்தா அந்தப் பீப்பா தெரியுமா?"

கடலில் அரை மைலுக்கும் அப்பால் வெள்ளையடித்த பீப்பாய்கள் சில, ஒன்றாகக் கட்டி மிதந்துகொண்டிருந்தன. லென்ஸைத் திருப்பிக் காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

"அங்கதான் சார் எங்க வூட்டுக்காரரு செத்தாரு."

மீதியைச் சொன்னது பக்கத்தில் வந்து நின்ற எத்திராஜ், அவள் புருஷன் தேசப்பனின் தம்பி. ஒரு விமானக் கம்பெனி, பெயர் இங்கே வேண்டாம், பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தது. அந்தப் பீப்பாய்தான் அவர்களுடைய குறி. மேலிருந்து மணல் மூட்டையைப் போட்டு அதை அடிக்கவேண்டும். அது ஒரு போட்டி, ஒரு விளையாட்டு. பீப்பாய் மிதக்கும் இடத்தில் கடலுக்கடியில் பாறை இருக்கிறது. மீன் தங்கும் இடம். தலைமுறை தலைமுறையாக அங்கேதான் வலை போடுகிறார்கள். ஆவணியில் ஒரு காலை, தேசப்பன் தன் கட்டுமரத்தில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது மூட்டை அவன் கழுத்தில் விழுந்தது.

"நான் பக்கத்து கட்டுமரத்துல இருந்தேன் சார். கண்ணால பார்த்தேன்" என்றான் எத்திராஜ். "ஏரோப்ளான் பீப்பாவுக்கு அந்தாண்டதான் போவும், மரங்க இருந்தா மூட்டையே போடமாட்டோம்னு கம்பெனிக்காரன் சொல்ட்டான். எங்க அண்ணன் குடிச்சிட்டு வுழுந்து கட்டையில அடிபட்டு செத்தான்னு எழுதிட்டாங்க."

"குடிக்கமாட்டாரு சார்" என்றாள் கன்னியம்மா. "எங்கப்பன் குடிச்சிக் குடிச்சே செத்தான். குடிக்காத ஆளாப் பார்த்து நானா கட்டிக்கினேன். இப்போ குப்பமே என்னை ஒரு மாதிரி பார்க்குது. குடிகாரன் பொண்டாட்டின்றாங்க."

அவள் அழவில்லை. எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. விசாரணை இன்னும் முடியவில்லை என்றும், இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும் எத்திராஜ் சொன்னான். விமானம் மரங்களுக்கு மேலே தாழப் பறந்து மூட்டை போடுவதை, இறக்கைக்கு அடியில் எழுதியிருக்கும் எழுத்து தெரியும்படி ஒரு படம் எடுத்துக் காட்டிவிட்டால் போதுமாம்.

"எடுப்பியா சார்?" என்று கேட்டான்.

"ஓம், எடுக்கலாம்" என்றேன். லேசாகச் சொல்லிவிட்டேன். குதிரைகளை எடுத்த கை.

விமானம் பெரும்பாலும் காலையில் வந்தது. காலையில் எண்ணூரில் கரைக்காற்று வீசும். திருவொற்றியூர்ப் பக்கத்து ஆலைகளின் புகை, உப்பளத்து ஈரம், குப்பத்து அடுப்புப் புகை எல்லாவற்றையும் அது கடலின்மேல் கொண்டுபோய்ப் பரப்பிவிடும். நான் நிற்பது மேற்கே, விமானம் கிழக்கே, அதன் பின்னால் சூரியன். புகைக்குள் வெளிச்சம் புகுந்தால் புகையே விளக்குத் திரி மாதிரி எரியத் தொடங்கும். முதல் நாள் எடுத்த கண்ணாடித் தகட்டை வண்ணாரப்பேட்டையில் தெரிந்தவர் ஸ்டூடியோவில் கழுவிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு அழுக்கு. இப்ராகிம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "காக்காவா தோஸ்து?" என்றார்.

புகையை வெட்ட சிவப்புக் கண்ணாடி போட்டேன். அது மூட்டத்தை நன்றாகவே வெட்டும். ஆனால் வெளிச்சத்தையும் தின்றுவிடும். வெளிச்சம் குறைந்தால் லென்ஸின் கண்ணைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கவேண்டும். அந்த நேரத்துக்குள் விமானம் நகர்ந்துவிடும். கடல் தெளிவாக வந்தது, பீப்பாய் தெளிவாக வந்தது. விமானம் மட்டும் ஈரக்கையால் துடைத்த கோடுபோல் இழுபட்டிருந்தது. மலையை எடுக்கிறவனுக்குச் சிவப்புக் கண்ணாடி வரம். பறப்பதை எடுக்கிறவனுக்கு அது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்கும்.

ஒரு நாள் விமானம் தாமதமாக, உச்சிவேளை நெருங்கும்போது வந்தது. சூரியன் மேலே ஏறியிருந்தது, புகையும் கலைந்திருந்தது. சந்தோஷப்பட்டேன். ஆனால் அதற்குள் மணல் காய்ந்துவிட்டது. சூடான மணலின்மேல் காற்று கொதிக்கும். அடுப்பில் வைத்த சட்டிக்கு மேலே எதிர்ச்சுவர் ஆடுமே, அதுபோல. அந்த ஆட்டத்தையும் லென்ஸ் பெரிதாக்கும். அன்றைய படத்தில் இறக்கைகள் நேராக இல்லை. கயிறுபோல் நெளிந்தன. எழுத்துகள் இருந்த இடத்தில் எறும்புகள் ஊர்ந்தன. காமிராவைத் தண்ணீர் ஓரமாக ஈர மணலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஆட்டம் குறைந்தது. ஆனால் கடற்காற்று எழும்பி அலைத்துளியை லென்ஸில் தெளித்தது. உப்பு காய்ந்து கண்ணாடியில் பூத்தது.

ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு தகடுதான். தகட்டை மாற்றுவதற்குள் விமானம் திரும்பிப் போயிருக்கும்.

மத்தியானங்களில் எத்திராஜ் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி சுறாப்புட்டு செய்து கொடுத்தாள். பூண்டும் மிளகும் தூக்கலாக, உதிர் உதிராக இருந்தது. கொழும்பில் சுறாவைக் குழம்பில்தான் பார்த்திருக்கிறேன். கூச்சமில்லாமல் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கன்னியம்மா அங்கே வரமாட்டாள். குப்பத்தில் யார் வீட்டுக்கும் அவள் போவதில்லை. சாப்பிட்டுத் திரும்பும்போது வலையோரம் உட்கார்ந்தபடியே கேட்பாள்: "படம் வந்துதா சார்?"

"இல்லை. மூட்டமாய் இருந்தது."

"நாளைக்கு?"

காற்றைக் கேட்டுத்தான் சொல்லவேண்டும் என்று எப்படி அவளிடம் சொல்வது?

ஊருக்குத் திரும்பவேண்டிய நாள் தாண்டிப் போயிற்று. எனக்குக் காய்ச்சல் என்று கொழும்பு முதலாளிக்குப் பொய் தந்தி கொடுத்தேன். பிறகு மழை வந்தது. ஐப்பசி மழை. விடிய விடியப் பெய்து, காலையிலும் விடாமல் பெய்தது. ராயபுரத்தில் தெரு முழுக்கக் கரித்தண்ணீர் ஓடியது. மத்தியானம் சட்டென்று நின்றது. மாடியில் ஏறிப் பார்த்தேன். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்ற கப்பலின் கயிறுகளை எண்ணலாம்போல் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "இன்னா பேஜாரு புட்ச்ச ஆளுய்யா நீ" என்று கத்திக்கொண்டே இப்ராகிமும் பின்னால் ஓடிவந்தார்.

எண்ணூரில் அந்தச் சாயங்காலம் இருந்த காற்றை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. மழை புகையை அடித்து இறக்கியிருந்தது. மணல் ஈரமாகக் குளிர்ந்திருந்தது, எங்கேயும் ஆட்டமில்லை. மேற்கே மேகம் விலகி, சூரியன் என் முதுகுப் பக்கமாக நின்று கடலை முழுக்க விளக்கிக் காட்டியது. காலை முழுக்க மழையால் முடங்கிக் கிடந்த மரங்கள் எல்லாம் பாறைப் பக்கம் போயிருந்தன. காலை முழுக்க மழையால் முடங்கிய விமானமும் வந்தது.

லென்ஸில் அதைப் பிடித்தேன். குதிரையோடு கூடவே கழுத்தைத் திருப்புவதுபோல, அதோடு கூடவே காமிராவைத் திருப்பினேன். தாழ்ந்தது. இன்னும் தாழ்ந்தது. மரத்தில் நின்ற ஒருவன் துடுப்பை எறிந்துவிட்டுக் குப்புறப் படுத்தான். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே ஒரு புள்ளி கழன்றது. அழுத்தினேன்.

ஸ்டூடியோவில் தகடு மருந்துத் தண்ணீரில் கிடந்து மெல்ல மெல்லக் கறுத்தது. எல்லாம் இருந்தன. விமானம். இறக்கைக்கு அடியில் ஒவ்வொரு எழுத்தும். காற்றில் தொங்கும் மூட்டை. அதற்குக் கீழே பீப்பாய்கள், மரங்கள், குப்புறப் படுத்த மனிதன், வலையின் மிதவைக் கட்டைகள்கூட. என் வாழ்நாளில் நான் எடுத்த படங்களில் அதுதான் சிறந்தது. இன்றைக்கும் அதைச் சொல்லும்போது வாய் கசக்கிறது.

பிரதி எடுத்துக் கன்னியம்மாவிடம் காட்டினேன். விரலால் தொடாமல், மூச்சுப் படாமல் பார்த்தாள். "இவ்ளோ கிட்டயா வந்துது?" என்று மட்டும் கேட்டாள்.

விசாரணை துறைமுகத்துக்கு எதிரே ஒரு பங்களாவில் நடந்தது. மேலே மின்விசிறி சுற்றியது. அதிகாரி ஒருவர், கம்பெனி வக்கீல் ஒருவர். அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். எத்திராஜும் கன்னியம்மாவும் சுவரோரம் நின்றார்கள். உட்காரச் சொன்னவர் யாருமில்லை. ஒரு வார்த்தையும் அவர்களுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது, அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வக்கீல் முதலில் நான் கொடுத்திருந்த மங்கலான படங்களைக் கையில் எடுத்தார். "இது எங்கள் விமானம் என்று யார் சொன்னது? இது ஒரு பறவை. இது தகட்டில் விழுந்த கறை." பிறகு தெளிவான படத்தை எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். நல்ல படத்தை ரசிக்கத் தெரிந்த மனிதர்தான்.

"அருமையான படம். எங்கள் விமானம்தான், மறுக்கவில்லை. நீங்கள் கரையில் நின்றீர்கள்?"

"ஓம்."

"நீண்ட லென்ஸில் எடுத்தால் முன்னே இருப்பதும் பின்னே இருப்பதும் நெருங்கி, ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். உண்மையா?"

உண்மை. பந்தயத்தில் பத்தடி பின்தங்கிய குதிரைகூட முன்குதிரையின் தோளை உரசுவதுபோல் தெரியும். அந்த வித்தையில்தான் என் பிழைப்பே ஓடியது.

"உண்மை" என்றேன்.

"அப்படியானால் விமானம் அந்தப் படகுகளுக்கு அப்பால், வெகுதூரம் தள்ளிப் பறந்திருந்தாலும் படத்தில் நேர் மேலே பறப்பதுபோல்தான் தெரியும்."

"தெரியலாம். ஆனால் நான் கண்ணால் பார்த்தேன். அந்த மனுசன் குப்புறப் படுத்தது ஏனென்று கேளுங்கள்—"

"கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் போதும்" என்றார் அதிகாரி, கோபமில்லாமல்.

எத்திராஜுக்கு ஏதோ தப்பாகப் போகிறது என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. முன்னால் வந்தான். "சார், நான் பார்த்தேன் சார். அண்ணன் கழுத்து மேலதான் வுழுந்துச்சு. நான் சொல்றேன் சார்."

"படம் வந்துவிட்டதப்பா. படத்தைத்தான் பார்க்கிறோம். நீ போய் நில்" என்று அதிகாரி தமிழில் சொன்னார். அவர் அன்று பேசிய தமிழ் அவ்வளவுதான். படம் வருவதற்கு முன்னால் எத்திராஜின் பேச்சுக்குக் கொஞ்சமாவது மதிப்பு இருந்தது. அந்த மதிப்பையும் நான்தான் படத்தோடு சேர்த்து மேசைமேல் வைத்துக் கொடுத்திருந்தேன்.

வெளியே வந்ததும் எத்திராஜ் கேட்டான்: "அந்தாளு கேட்டதுக்கு நீ இன்னாத்துக்கு சார் தலையாட்டுன?"

விளக்கிச் சொன்னேன். லென்ஸ், தூரம், நெருக்கம். பொறுமையாகக் கேட்டான்.

"அப்போ மூட்டமா இருந்தா ஏரோப்ளான் தெரியல. தெளிவா இருந்தா லென்ஸு பொய் சொல்து. அப்டித்தானே?"

"அவங்கள் அப்பிடித்தான் சொல்லுறாங்கள்."

"எங்க அண்ணன் எந்தக் காத்துல செத்தா சார் ஒத்துக்குவாங்க?"

இப்ராகிம் அவன் தோளைத் தொட்டார். அவன் தட்டிவிட்டான்.

முடிவு தெரிந்துகொண்டு போகலாம் என்று இன்னும் சில நாள் இருந்தேன். ஒரு காலையில் இப்ராகிம் கடைக்குப் போன வேகத்தில் திரும்பி வந்தார். அந்தப் பங்களாவில் வேலை செய்யும் ஒருவரிடம் விசாரித்திருக்கிறார். அவர் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்திருந்தது.

"உத்தரவு ஆய்டிச்சு தோஸ்து. உன் போட்டோவ வெச்சித்தான்."

"நல்லதுதானே?"

"நீயே வந்து கேளு."

நாங்கள் எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது தண்டோராக்காரர் குப்பத்தின் நடுவில் நின்று பறையடித்துக்கொண்டிருந்தார். மரங்களெல்லாம் மணலில் கிடந்தன. ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூவினார்:

"எண்ணூர் குப்பத்து ஜனங்களுக்கு சர்க்கார் உத்தரவு! பீப்பா மெதக்கற எடத்தாண்ட மரமோ வலையோ போவக் கூடாது! மீறிப் போனா வலையைப் பறிமுதல் பண்ணுவாங்க! அப்பால எந்தச் சேதத்துக்கும் சர்க்கார் பொறுப்பில்ல!"

பறை மறுபடி அடித்தது. இப்ராகிம் என் காதருகே சொன்னார்: "மரங்க பீப்பாவ சுத்தி நிக்கறது உன் படத்துல ரொம்பத் தெளிவா தெரியுதாம். ப்ளான் ஓட்டற புள்ளைங்களுக்கு அது ஆபத்தாம்."

விமானம் எவ்வளவு தள்ளிப் பறந்தது என்பதற்கு அந்தப் படம் சாட்சியாகவில்லை. மரங்கள் எங்கே நின்றன என்பதற்கு ஆகிவிட்டது. ஒரே தகடு, ஒரே காற்று.

என்னை யாரும் திட்டவில்லை. எத்திராஜ் என்னைப் பார்க்காமலே தன் வீட்டுக்குள் போய்விட்டான். மற்றவர்கள் வழிவிட்டு விலகினார்கள், அந்நியனுக்கு விலகுவதுபோல. நான் கன்னியம்மாவிடம் போனேன். காய்ந்த நெத்திலியைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அந்தக் குடிகாரன்ற பேச்ச எட்த்துட்டாங்களா சார்?" என்று கேட்டாள். உத்தரவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இப்ராகிமைப் பார்த்தேன். அவர் இல்லையென்று தலையசைத்தார்.

"இல்லை" என்றேன்.

அவள் கூடையை இடுப்பில் வைத்தாள். அப்போது தெற்கிலிருந்து விமானத்தின் சத்தம் வந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடலில் ஒரு மரமும் இல்லை. மூட்டை விழுந்து எழும்பிய தண்ணீர் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. பீப்பாய்க்கு அப்பால் அல்ல, சற்று இந்தப் பக்கம் தள்ளி, கரைப் பக்கமாக, மரங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் விழுந்தது.

"பார்த்துக்கினியா" என்றாள் கன்னியம்மா. என்னிடம் சொன்னாளா, வேறு யாரிடமாவது சொன்னாளா தெரியவில்லை. கூடையோடு ரயிலடிப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். சந்தைக்கு நேரமாகியிருந்தது.